ரேக்கில் இருந்து ஷோ விண்டோ வரை: கடையில் பொருள் அடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சூப்பர்மார்க்கெட்டில் சோப்பு ரேக் முன்னால் ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய சோப்புகளை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடை ஆள் என்று நினைத்து "தம்பி, துவரம்பருப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டும் இருப்பீர்கள். அவரும் கையைக் காட்டி வழி சொல்லியிருப்பார். ஆனால் பல சமயம் அவர் அந்தக் கடையின் ஆளே இல்லை. சோப்பு கம்பெனிக்காக, அந்த ஒரு ரேக்குக்காக வந்தவர். அதை முடித்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். மதுரையில், ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கடை. பிறகு சென்னையில் துணிக்கடைக்கு மாறி, பொம்மைக்குப் புடவை கட்டப் பழகி, இன்று கடைகளுக்கு டிஸ்ப்ளே அமைத்துக் கொடுக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பிலேயே ஷோ விண்டோவுக்குப் போக ஆசைப்படாதீர்கள். ஆறு மாதமாவது மளிகை ரேக்கில் கை வையுங்கள். துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் செய்வது பலித்ததா இல்லையா என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். மளிகை ரேக்கில் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். காலையில் வைத்த வரிசையில் எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், வாங்குகிறவரின் கை எங்கே போனது என்பது அப்படியே தெரியும். அந்தப் பள்ளத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்தான் பிறகு விண்டோவிலும் நிற்கிறார்.

எந்த வாசல் வழியாக நுழைவது?

இந்தத் தொழிலுக்கு மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, கடையின் ஊழியராகவே சேர்வது. சரக்கு இறக்குவது, ரேக் நிரப்புவது, விலைச் சீட்டு மாற்றுவது எல்லாம் உங்கள் வேலை. பத்தாவது, பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும். ஒரே கடையில் நாள் முழுக்க இருப்பதால் பொருளும் வாடிக்கையாளரும் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

இரண்டாவது, கம்பெனி மெர்ச்சண்டைசர். சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, குளிர்பானம் செய்யும் கம்பெனிகள் தங்கள் பொருள் கடையில் எப்படி இருக்கிறது என்று கவனிக்க ஆள் வைக்கின்றன. பெரும்பாலும் சம்பளம் கம்பெனியிடம் இருந்து நேராக வராது, நடுவில் ஒரு ஏஜென்சி இருக்கும். டூ வீலர், லைசென்ஸ், ஸ்மார்ட்போன் மூன்றும் வேண்டும். தினமும் எந்தெந்தக் கடை என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதை பீட் என்பார்கள். ஒவ்வொரு கடையிலும் வேலைக்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, விஷுவல் மெர்ச்சண்டைசர். தொழிலில் வி.எம். என்றுதான் சொல்வார்கள். துணி, செருப்பு, நகை, பர்னிச்சர் கடைகளில் இவர்களுக்கு வேலை. விண்டோ, பொம்மை, விளக்கு, சுவர், பண்டிகை அலங்காரம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. இங்கே படிப்பும் ஓவியக் கையும் கேட்பார்கள். ஆனால் முதல் இரண்டு வாசலில் நுழைந்து இங்கே வந்து சேர்ந்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதல் வாரத்தில் பழக வேண்டிய சொற்கள்

கடையின் நடுவில் இரண்டு பக்கமும் தட்டு வைத்த நீள ரேக் கோண்டோலா. அதில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட பகுதி ஒரு பே. கோண்டோலாவின் முனையில், நடைபாதையைப் பார்த்து நிற்கும் சின்ன ரேக் எண்டு கேப். கடையிலேயே விலை உயர்ந்த இடம் இது, கம்பெனிகள் கடைக்கு வாடகை கொடுத்து இதைப் பிடிப்பதும் உண்டு. ஒரு பொருள் முன்வரிசையில் எத்தனை எண்ணிக்கையில் முகம் காட்டி நிற்கிறது என்பது ஃபேசிங். எந்தத் தட்டில் எந்தப் பொருள், எத்தனை ஃபேசிங் என்று காட்டும் வரைபடம் பிளானோகிராம். தட்டின் விளிம்பில் இருந்து நீட்டிக்கொண்டு ஆடுகிற சின்ன அட்டை வாப்ளர், மேலே தொங்குவது டாங்ளர், தரையில் நிற்பது ஸ்டாண்டி. இவ்வளவு தெரிந்தால் சூப்பர்வைசர் போனில் சொல்வது புரிந்துவிடும்.

இதெல்லாம் ஏன் வந்தது என்றும் தெரிந்திருப்பது நல்லது. 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அதுவரை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவர்கள், அங்கே தாங்களே உள்ளே போய்க் கூடையில் எடுத்துக்கொண்டார்கள். நம் சென்னையில் 1996-இல் ஃபுட்வேர்ல்ட் வந்தபோது இந்தப் பழக்கம் நடுத்தரக் குடும்பங்கள் வரைக்கும் பரவியது. அண்ணாச்சி கடையில் "எந்தப் புளி நல்லா இருக்கும்?" என்று கேட்டால் அண்ணாச்சி சொல்வார். சூப்பர்மார்க்கெட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. அண்ணாச்சி வாயால் செய்ததை அங்கே தட்டு செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்காக அண்ணாச்சி கடையில் டிஸ்ப்ளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தலைக்கு மேலே தொங்கும். கடலை மிட்டாய் பாட்டில் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும். பேனாவும் தீப்பெட்டியும் கல்லாவுக்குப் பக்கத்தில், சில்லறை கொடுக்கும் கை படுகிற தூரத்தில் இருக்கும். நேரம் கிடைத்தால் ஒரு நல்ல மளிகைக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்று இவற்றைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல பாடசாலைகளில் அது ஒன்று.

பிஸ்கட் ரேக்: செய்முறை

கடை திறக்கும் முன், காலை எட்டு மணிக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு பே, ஐந்து தட்டு பிஸ்கட் ரேக்கை ஒப்படைத்திருக்கிறார்கள்.

1. தொடும் முன் ஒரு போட்டோ எடுங்கள். நேராக நின்று, ரேக் முழுவதும் தெரியும்படி. நேற்றைய பள்ளம் எங்கே இருக்கிறது என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி. அடுக்கிய பிறகு அது மறைந்துவிடும்.

2. ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டும் காலி செய்யுங்கள். ஐந்தையும் தரையில் இறக்கிவிட்டால் கடை திறந்து ஆள் வந்துவிடுவார்கள், ட்ராலி போக வழி இருக்காது. ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். பிஸ்கட் தூள் ஒரு மூலையில் கிடந்தாலும் ராத்திரி எறும்பு வந்துவிடும்.

3. தேதி பாருங்கள். இதைத்தான் புதியவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். எது முதலில் வந்தது என்பதை விட எது முதலில் காலாவதியாகும் என்பதுதான் கணக்கு. சில சமயம் நேற்று வந்த பெட்டியில் இருக்கும் தேதி, போன வாரம் வந்ததை விட முந்தியதாக இருக்கும். முதலில் முடிகிற தேதி முன்னால், பிந்தியது பின்னால். காலாவதி ஆனதையும் உறை கிழிந்ததையும் உடனே தனி டப்பாவில் போட்டு, எண்ணிக்கை எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலாவதியான உணவுப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். அதுவும் தவிர, அதைச் சாப்பிடப் போவது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

4. கனமானதும் பெரிய பாக்கெட்டும் கீழ்த்தட்டுக்கு. லேசானது மேலே. ஃபேமிலி பேக் தேடி வருகிறவர் குனிந்து எடுப்பார். ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு யாரும் குனிய மாட்டார்கள்.

5. ஒரு பிராண்டை ஒரே தட்டில் நீளமாகப் பரப்பாதீர்கள். மேல்தட்டில் இருந்து கீழ்த்தட்டு வரை நெடுக்காக ஒரு பட்டை போல வையுங்கள். வாங்குகிறவர் பக்கவாட்டில் நடக்கிறார், அவர் கண்ணும் பக்கவாட்டில் போகிறது. நெடுக்குப் பட்டையாக இருந்தால் நடக்க நடக்க ஒவ்வொரு பிராண்டும் அவர் கண்ணில் படும்.

6. பெயர் முன்னால் தெரிய வேண்டும், எல்லாப் பாக்கெட்டும் தட்டின் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். மேல்தட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கை நுழையாத இடத்தில் இருந்து யாரும் இழுத்து எடுக்க மாட்டார்கள்.

7. விலைச் சீட்டு அந்தப் பொருளுக்குக் கீழே, இடது ஓரத்தில். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யையும் சீட்டில் உள்ள விலையையும் ஒரு தரம் ஒத்துப் பாருங்கள். பில் போடும் இடத்தில் விலை மாறினால் கெட்ட பெயர் கடைக்குத்தான்.

8. சரக்கு தீர்ந்துபோன இடத்தை என்ன செய்வது? பக்கத்துப் பாக்கெட்டை இழுத்து மூடிவிடத் தோன்றும், பார்க்க அழகாகவும் இருக்கும். செய்யாதீர்கள். மூடிவிட்டால் அந்தப் பொருள் தீர்ந்துவிட்டது என்று ஆர்டர் போடுகிறவருக்குத் தெரியாமலே போகும். வாரக்கணக்கில் வராமல் இருந்து, ஒருநாள் "அது இங்க கிடைக்காது" என்று வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிவிடுவார். சீட்டை அப்படியே விட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

9. மறுபடி ஒரு போட்டோ. அதே இடம், அதே உயரம்.

கண் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பாடங்களில் போட்டிருக்கும் உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் சூப்பர்மார்க்கெட்டில் மளிகை எடுக்க வருகிறவர்களில் பெண்கள் அதிகம். நான் கணக்கில் வைப்பது தரையில் இருந்து நான்கு அடியில் தொடங்கி ஐந்து அடி வரை. சந்தேகமாக இருந்தால் உங்கள் அம்மாவையோ அக்காவையோ ரேக் முன்னால் நிற்க வைத்துப் பாருங்கள். கை தூக்காமல், கழுத்தை உயர்த்தாமல் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற தட்டு எதுவோ அதுதான் நல்ல தட்டு. சின்னப் பிள்ளைகளுக்கான பொருளை இரண்டரை, மூன்று அடியில் வைப்பார்கள். கூர்மையானதையும் கண்ணாடி பாட்டிலையும் அந்த உயரத்தில் வைக்கவே கூடாது. பினாயில், கொசு மருந்து, எலி மருந்து எதுவும் உணவுப் பொருள் பக்கம் வரக் கூடாது. கசிந்தால் ஆபத்து, கசியாவிட்டாலும் வாசனை ஏறும்.

அப்புறம், 25 கிலோ அரிசி மூட்டையை இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். முட்டியை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு சேர்த்துப் பிடித்து எழுந்திருங்கள். இருபது வயதில் இது புரியாது. என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் முதுகு வலியால்தான் தொழிலை விட்டார்கள்.

பிளானோகிராமுக்குப் பின்னால் உள்ள கணக்கு

தலைமை அலுவலகத்தில் இருந்து படம் வரும், அதன்படி அடுக்கிவிடலாம். ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அடுத்த பதவி கிடைக்கும்.

ஒரு சோப்பு நாளுக்கு 24 விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடோனில் இருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் சரக்கு எடுக்கிறீர்கள். அப்படியானால் ரேக்கில் 48 சோப்பு நிற்க வேண்டும். ஒரு ஃபேசிங்குக்குப் பின்னும் மேலுமாக 12 சோப்பு பிடிக்கிறது. 48-ஐ 12-ஆல் வகுத்தால் 4 ஃபேசிங். தீபாவளி வாரத்தில் நாளுக்கு 36 போகிறது என்றால் 72 வேண்டும், 6 ஃபேசிங் ஆகிறது. அந்த இரண்டு ஃபேசிங் யாரிடம் இருந்து எடுப்பது? மெதுவாக ஓடுகிற பொருளிடம் இருந்து. அதைச் செய்யச் சூப்பர்வைசரின் ஒப்புதலும் வேண்டும், எழுதி வைத்த விற்பனைக் கணக்கும் வேண்டும். "நல்லா போகுதுண்ணே" என்று வாயால் சொன்னால் யாரும் இடம் தர மாட்டார்கள். நாளுக்கு எத்தனை போனது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதிக் காட்டினால் தருவார்கள்.

கம்பெனி மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சோதனை வரும். பக்கத்தில் போட்டிக் கம்பெனியின் பொருளைப் பின்னால் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கத் தோன்றும். சிலர் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். கடைக்காரர் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு எண்டு கேப் கேட்டு அவர் முன்னால் போய் நிற்க முடியாது. இந்த வேலையில் கடைக்காரரின் நம்பிக்கைதான் உங்கள் கைமுதல்.

துணிக்கடையில் கை பழகுவது

வீட்டில் கொலு வைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி பாதி தெரிந்ததாகவே இருக்கும். படியைக் கட்டி, வெள்ளைத் துணி விரித்து, கலசமும் மரப்பாச்சியும் மேலே, மனிதர்களும் செட்டியார் கடையும் கீழே என்று ஒரு முறை வைக்கிறோம். பெரிய பொம்மை சின்னதை மறைக்காமல் பார்க்கிறோம். தள்ளி நின்று பார்த்து, எழுந்து போய் ஒன்றை அரை அங்குலம் நகர்த்துகிறோம். அந்தத் தள்ளி நின்று பார்க்கும் பழக்கத்தைத்தான் வி.எம். வேலையில் தினமும் செய்கிறோம்.

சட்டைச் சுவரில் இருந்து தொடங்குங்கள். ஹேங்கர் கொக்கி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அளவு முன்னால் இருந்து பின்னால் சின்னது முதல் பெரியது வரை. நிறம் இடமிருந்து வலமாக வெளிரில் இருந்து அடர்த்திக்கு. இரண்டு பூப்போட்டது பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண் குழம்பும், நடுவில் ஒரு பிளெயின் வையுங்கள். மேஜையில் மடித்து வைப்பதற்கு ஒரு அட்டையை அளவாக வெட்டி வைத்துக்கொண்டு அதன் மேல் மடித்தால் எல்லா மடிப்பும் ஒரே அகலத்தில் வரும்.

புடவை வேறு வித்தை. அரை உருவப் பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டுவதைச் சொல்கிறேன். முதலில் பொம்மையின் இடுப்பில் பருத்தி நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், புடவை அதில்தான் செருகி நிற்கும். கட்டும் முன் புடவையைப் பிரித்து எங்கே அழகு இருக்கிறது என்று பாருங்கள். சிலதில் முந்தானையில் இருக்கும், சிலதில் பார்டரில், சிலதில் உடலில் போட்ட புட்டாவில். முந்தானையில் இருந்தால் அதைத் தோளில் இருந்து முன்பக்கம் விரித்து விட வேண்டும். பார்டரில் இருந்தால் கொசுவத்தை உள்ளங்கை அகலத்துக்கு வைத்து, ஒவ்வொரு மடிப்பிலும் பார்டர் ஒரு விரல் தெரியும்படி விசிறி போல விடுங்கள். ஜரிகையின் மேல் மடிப்புக் கோடு விழக் கூடாது, விழுந்த இடத்தில் ஜரிகை முறியும்.

பின் குத்துவதில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். துணிக்கடைக்கு வந்த முதல் வருடம், தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பு, விண்டோவில் ஒரு சந்தன நிறப் பட்டு கட்டினேன். கையில் கிடைத்த சாதாரண இரும்புக் குண்டூசிகளைத் தோளிலும் இடுப்பிலும் குத்தினேன். மேலே ஒரு ஸ்பாட் லைட், இரண்டு அடி தூரத்தில். பதினைந்து நாள் அதைத் தொடவே இல்லை. கழற்றியபோது தோளில் மூன்று துருப் புள்ளி. வெளிச்சம் பட்ட பக்கம் சந்தனமும், மடிப்புக்குள் இருந்த பக்கம் வேறு சந்தனமுமாக இரண்டு நிறம். அந்தப் புடவையை நெய்தவர் எத்தனை நாள் தறியில் உட்கார்ந்திருப்பார் என்று அன்று ராத்திரி முழுக்க மனசு உறுத்தியது. அதற்குப் பிறகு நான் துருப்பிடிக்காத பின் தவிர வேறு தொடுவதில்லை. பின்னுக்கும் பட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பருத்தித் துண்டு வைக்கிறேன், குத்துவது எப்போதும் உள்மடிப்பில். விலை உயர்ந்த பட்டை வாரம் ஒரு முறை கழற்றி, வேறு மாதிரி மடித்து உள்ளே கொடுத்துவிட்டு, வேறொன்றைக் கட்டுகிறேன். நேர்வெயில் விழும் விண்டோ என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை.

விளக்கில் ஒரு அடிப்படை தெரிந்தால் போதும். மஞ்சள் சாயல் உள்ள வெளிச்சம், 3000 கெல்வின் அளவில், பட்டுக்கும் தங்கத்துக்கும் எடுப்பாக இருக்கும். வெள்ளிக்கும் வைரத்துக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இன்னும் வெண்மையான வெளிச்சம் வேண்டும். விண்டோவை வைத்து முடித்ததும் உள்ளே நின்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். மத்தியானம் ஒரு முறை, விளக்கு போட்ட பிறகு ஒரு முறை. மத்தியானத்தில் கண்ணாடியில் எதிர்க்கடை பிரதிபலித்து உங்கள் பொம்மையே தெரியாமல் போகலாம். அப்படியானால் பின்னணியை வெளிர் நிறத்துக்கு மாற்றி, பொம்மையைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே கொண்டு வர வேண்டும்.

விண்டோ மாற்றும் வேலை பெரும்பாலும் கடை மூடிய பிறகுதான். ஜூனில் பள்ளி திறப்பு, பிறகு ஆடித் தள்ளுபடி, நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், அட்சய திருதியை என்று வருடம் ஓடும். ஒவ்வொன்றுக்கும் சில ராத்திரிகள் விடிய விடிய நிற்க வேண்டியிருக்கும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊரே பண்டிகை கொண்டாடும் நேரம் நமக்கு வேலை நேரம்.

எங்கே படிக்கலாம், எதைக் காட்டி வேலை கேட்கலாம்

முறையாகப் படிக்க விரும்பினால், சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்) கல்லூரியில் ஃபேஷன் கம்யூனிகேஷன் படிப்பில் விஷுவல் மெர்ச்சண்டைசிங் ஒரு பகுதியாக வருகிறது. நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் இந்தத் தொழிலில் நல்ல மதிப்பு. வடிவமும் நிறமும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்கள் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ரீடெயில் சார்ந்த பயிற்சி தங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கம்ப்யூட்டரில் எக்செல் கட்டாயம். வி.எம். ஆக வேண்டும் என்றால் கோரல் டிரா அல்லது போட்டோஷாப் ஒன்று, முப்பரிமாணத்துக்கு ஸ்கெட்சப்.

இதெல்லாம் இல்லாதவர்களும் போட்டோ ஆல்பம் ஒன்று வைத்திருந்தால் கதவு திறக்கும். உங்கள் தெருவில் ஸ்டேஷனரி கடையோ, மருந்துக்கடையோ, பேக்கரியோ இருக்கும். கடைக்காரரிடம் போய், "அண்ணே, உங்க கடையில ஒரே ஒரு ரேக்கை அடுக்கித் தரேன். காசு வேண்டாம். முன்னாடி, பின்னாடி போட்டோ எடுத்துக்கிறேன், ரெண்டு வாரம் எத்தனை வித்ததுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். மூன்று பேர் மறுப்பார்கள், நாலாவது ஆள் சரி என்பார். இப்படி ஐந்து கடை. ஒவ்வொன்றுக்கும் முன், பின் போட்டோ, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நாலு வரி, விற்பனை எண்ணிக்கை. விற்பனை ஏறாவிட்டால் அதையும் எழுதுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். போட்டோவில் வாடிக்கையாளர் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் கேள்வியை விடக் கைவேலைதான் அதிகம் இருக்கும். கலைந்த மேஜையைக் காட்டி அடுக்கச் சொல்வார்கள். உடனே பாயாதீர்கள். "இதில் எது அதிகம் விற்கணும்? எது பழைய ஸ்டாக்?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சம்பளம் யார் பெயரில் வரும், கடையா, கம்பெனியா, ஏஜென்சியா? நியமனக் கடிதம் தருவார்களா? பெட்ரோல் காசு தனியா, சம்பளத்துக்குள்ளேயா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்க வேண்டும், உங்கள் பங்கு போலவே அவர்கள் பங்கும் உண்டு. உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் வாங்கி, பணம் ஏறுகிறதா என்று போனில் நீங்களே பாருங்கள். 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும், சம்பளத்தில் 0.75 சதவீதம் மட்டுமே உங்களிடம் பிடிப்பார்கள். ஏணியில் ஏறி இறங்குகிற வேலையில் இந்தக் கார்டு பையில் இருக்க வேண்டும்.

வேலை தர முன்பணம் கேட்டால் அங்கே சேர வேண்டாம். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், நகல் போதும்.

இன்னொன்று, நின்றுகொண்டே இருக்கும் வேலை இது. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று ஆக்கியது. பன்னிரண்டு மணி நேரம் சுவரில் கூடச் சாயக் கூடாது என்று நின்ற அக்காக்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் காலில் நரம்பு சுருண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் திருத்தம் சலுகை கிடையாது, உரிமை. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரையும் உட்காரச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு

தினமும் பத்து நிமிடம் எதையும் தொடாமல் நில்லுங்கள். ரேக்கில் இருந்து கொஞ்சம் தள்ளி, வாங்குகிறவரின் வழியை மறிக்காமல். அவர் எங்கே நடையைக் குறைக்கிறார், எதைக் கையில் எடுத்துத் திருப்பி வைக்கிறார், எதைக் குழந்தை எடுத்து அம்மா திருப்பி வைக்கிறார் என்று பாருங்கள். ஒரு கடையில் பெண்கள் ஹேர் ஆயில் ரேக் முன்னால் நிற்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். விலை காரணமா, பிராண்டு காரணமா என்று ஒரு வாரம் யோசித்தோம். நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த இடத்தில் பாதை குறுகல். நின்றால் பின்னால் வருகிறவரின் ட்ராலி குதிகாலில் இடிக்கிறது. எதிரே இருந்த ஒரு டம்ப் பின்னை, அதாவது பொருளைக் குவித்துப் போட்டு வைக்கும் தொட்டியை, அங்கிருந்து எடுத்தோம். அன்றே நிற்க ஆரம்பித்தார்கள்.

இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே போனால் இரண்டு மூன்று வருடத்தில் சூப்பர்வைசர், பிறகு ஏரியா பொறுப்பு, வி.எம். மேனேஜர் என்று வழி போகும். கம்பெனி பக்கம் டிரேட் மார்க்கெட்டிங், அதாவது கடைகளில் கம்பெனிப் பொருளின் விற்பனையைக் கூட்டும் பிரிவு, இருக்கிறது. கைத்திறன் உள்ளவர்கள் பொம்மை, ஸ்டாண்டு, பண்டிகை அலங்காரம் செய்து கொடுக்கும் சொந்தத் தொழிலுக்குப் போகிறார்கள். பத்து நிமிட டெலிவரி கம்பெனிகளின் குடோன்களிலும் ரேக் வேலை இருக்கிறது. ஆனால் அங்கே வாங்குகிறவர் வருவதில்லை, பொருளை எடுக்கிற ஊழியர் நடக்கும் தூரம் குறைய வேண்டும் என்பதே கணக்கு. அடுக்கும் ஒழுங்கு பழக நல்ல இடம். வாங்குகிறவர் கையைப் படிக்க அங்கே வழி இல்லை.

பையில் இருக்க வேண்டியவை

அளவு டேப், கத்தரி, கட்டர், டபுள் சைடு டேப், கேபிள் டை, மார்க்கர், துருப்பிடிக்காத பின் ஒரு டப்பா, பருத்தி நாடா, தொங்கவிட நைலான் நரம்பு, இரண்டு பழைய பனியன் துணி, பேண்ட் எய்ட், நோட்டு. கடைசியாக ஒரு ஜோடி சுத்தமான சாக்ஸ். விண்டோ மேடைக்குள் செருப்போடும் போக முடியாது, வெறுங்காலோடு போனால் வியர்வையில் பாதம் அச்சு விழும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது அந்த அச்சு சாலையில் இருந்தே தெரியும். வேலை முடிந்து வெளியேறும்போது பொம்மையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்து, நின்ற இடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டே இறங்குங்கள்.